எண்ணெய் குடித்த கயிலை

இத்தாலியில், கால்சா என்ற இடத்தில், ஒரு வீட்டுக்கார அம்மாவிடம், சின்யோராவிடம், ஒன்பது வருடம் வேலை செய்தேன். அந்த வேலை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் இங்கே தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பேன். அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க எனக்கு வேறு கடுதாசி இல்லை.

அவவின் ஹோல் சுவரில் ஒரு செதுக்குக் கல் இருந்தது. கம்போடியாவில் பழைய கெமர் கோவில் சுவரிலிருந்து பெயர்த்தது. செத்துப்போன புருசன் எப்போதோ வாங்கிவந்தாராம். முதல் நாள் தூசு தட்டும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கீழே பல தலை, பல கை. மேலே மலை. மலையில் சிவன், பயத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு உமை.

"கீழே இருப்பது யார், தெரியுமா?" என்று சின்யோரா கேட்டா.

"எங்கட ஊர்க்காரன்," என்றேன். நான் திருகோணமலை. அங்கே மலையில் அவன் வாளால் வெட்டிய பிளவை, இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்தவள். அவன் கயிலையைத் தூக்கிய கதையைச் சொன்னேன்.

"அவன் மலையைத் தூக்கினானா? உன்னால் அந்தக் கதிரையைக்கூட நகர்த்த முடியவில்லையே," என்று சிரித்தா.

சாமிக் கல் காய்ந்துகிடந்தால் எனக்குப் பொறுக்காது. ஒரு வெள்ளிக்கிழமை அவவிடம் கேட்டுத்தான் நல்லெண்ணெய் பூசினேன். கல் கறுத்து மினுங்கியது. சின்யோராவுக்குச் சந்தோசம். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அவவே தன் அலுமாரியிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து வருவா. உமையின் கன்னத்துக்கு அவதான் பூசுவா, என்னை விடமாட்டா.

இந்த வருடம் சின்யோராவின் மகன் கல்லை மியூசியத்துக்குக் கொடுக்கப் பார்த்தான். பழைய கற்களைத் திருத்துகிற ஒருவர் வந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தார். மணற்கல் எண்ணெயைக் குடித்துவிடுமாம். இனி முழுதாக எடுக்க முடியாதாம்.

"யார் இதைச் செய்தது?" என்றான் மகன்.

சின்யோரா என் பக்கம் திரும்பவில்லை. "எனக்குத் தெரியாது. நான் சர்ச்சுக்குப் பூசைக்குப் போன நேரம் இவள் செய்திருப்பாள்."

"சின்யோரா, உங்கட அலுமாரியைத் திறவுங்கோ," என்றேன்.

"நீ சொல்வது விளங்கவில்லை."

ஒன்பது வருடம் என் உடைந்த இத்தாலியன் விளங்கிய மனிசிக்கு அன்றைக்கு மட்டும் விளங்கவில்லை. கல் கெட்டது பிழைதான். எண்ணெய் கல்லைக் கெடுக்கும் என்று எனக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது. அதை அவ மகனிடம் சொல்லியிருக்கலாம்.

மகன் என்னை அன்றே வேலையால் நிற்பாட்டினான். இப்போது சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பழம் பிடுங்குகிறேன். அங்கே எனக்கு ஒருவரும் ஒப்பந்தம் எழுதித் தரவில்லை. பெர்மெஸ்ஸோ அடுத்த மாதம் முடிகிறது.

"போத்தலை நீயே எடுத்து மேசையில வைச்சிருக்கலாமே?" என்று என் மனுசன் கேட்டார்.

அந்த வீட்டில் ஒரு நாளும் அவவின் அலுமாரியில் நான் கைவைத்ததில்லை. அன்றைக்கும் வைக்கவில்லை. அந்த மனிசிக்கு அது நல்லாகத் தெரியும்.