ரோசி சுமந்த ஊசி

மருதாயிக்கு ஐம்பத்தொரு வயது. இலங்கையில் கஹவத்தைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். அட்டைக்குப் பயந்ததில்லை, பாம்புக்குப் பயந்ததில்லை. கணவர் போன பிறகு வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீட்டில் தனியாகப் படுக்கவும் பயந்ததில்லை. உலகத்தில் அவளுக்கு ஒரே பயம்தான். அது குளவி. அந்தப் பயத்தை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, மறைக்கிற அளவுக்கு அது சின்னதாகவும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஐந்தாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. பத்துப் பன்னிரண்டு பேரைக் கொட்டியது. மற்றவர்கள் டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து போட்டுக்கொண்டு, முகம் வீங்கி, மாலையில் வீட்டில் இருந்தார்கள். மருதாயிக்கு மட்டும் நாக்குத் தடித்து மூச்சு அடைத்தது. கொழுந்து லொறியில் கிடத்திக் கொண்டுபோனபோது தன் மூச்சு தனக்கே விசில் சத்தமாகக் கேட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டிக் கொடுக்கும்போது டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: அடுத்த தடவை ஒரு கொட்டே போதும், இனி மலைக்குப் போகாதே. மலைக்குப் போகாதே என்று சொல்ல டொக்டருக்கு ஒரு நிமிஷம் போதும். போகாமல் எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. மருதாயி மறுபடியும் மலைக்குத்தான் போனாள்.

மகள் கலைச்செல்வி கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறாள். அவள்தான் யார் யாரிடமோ சொல்லி, பேனா மாதிரி ஓர் ஊசியை எடுப்பித்து அனுப்பினாள். மூச்சு அடைத்தால் தொடையில் வைத்து அழுத்த வேண்டும், மருந்து தானாக உள்ளே இறங்கும். சூடு படக்கூடாது, எந்நேரமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள். கொழுந்து பறிப்பவளுக்கு இரண்டும் சேர்ந்து நடக்குமா?

மடியில் கட்டிப் பார்த்தாள். இடுப்பில் சுற்றிய தடித்த படங்குத் துணிக்குள் வைத்திருந்த ஊசி, தேயிலைச் செடியை இடித்து இடித்து நடந்ததில் ஒரே மாதத்தில் கூட்டோடு நொறுங்கியது. இரண்டாவது ஊசி வந்தபோது மார்போடு வைத்தாள். ஒரு வெயில் நாளில் எடுத்துப் பார்த்தால், இப்போதுதான் அடுப்பங்கரையிலிருந்து எடுத்ததுபோல் சுட்டது. கொழுந்துச் சாக்கில் போடலாம் என்றாள் பக்கத்து நிரையில் பறிக்கும் நிரோஷா. குளவி வந்தால் எல்லோரும் முதலில் கழற்றி வீசுவது அந்தச் சாக்கைத்தான். உயிரை அதில் கட்டி வைத்துவிட்டு அதையே வீசி எறிவதா?

மீதி இருந்தது ரோசி. தேன் நிற நாய். கொழுந்து நிறுக்கும் கொட்டிலின் கீழே குட்டியாகக் கிடந்ததை மருதாயி எடுத்து வளர்த்தாள். அன்றிலிருந்து மலைக்கு அவளோடு போகும், அவளோடு வரும். அவள் நிரையில் நின்றால் அது கீழே தண்ணீர் ஓடும் கானில் படுத்திருக்கும். நாய் கிடப்பது நிழலில், ஊசிக்கும் அது நல்ல இடம். எட்டும் தூரம். இந்த யோசனை வந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டாள்.

நாய்க்குப் பை போடும் வழக்கம் வெளிநாட்டில் இருக்கிறதாம். கலைச்செல்வி போனில் பார்த்துச் சொன்னாள். நாயின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது. இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும். பாரம் தோள்பட்டையில் உட்கார வேண்டும், வாருக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும். எடை பார்க்க எங்கே போவது? கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ரோசியைச் சாக்கில் போட்டுத் தராசில் தொங்கவிட்டாள் மருதாயி. பதினைந்து கிலோ. கங்காணி ராமச்சந்திரன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி இதற்கும் தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கணும் என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். ரோசிக்கு வேலை கிடைத்துவிட்டது.

கஹவத்தை டவுனில் ஸம்சுதீன் நானா பை விற்கிறார், தைத்தும் கொடுப்பார். நாயைக் கடைக்குள் கொண்டுவர வேண்டாம், அளவைக் கொண்டு வா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மருதாயி ஒரு சணல் கயிற்றில் கழுத்துக்கு ஒரு முடிச்சு, நெஞ்சுக்கு ஒரு முடிச்சு, முதுகு நீளத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக் கொண்டுபோனாள். அவர் இரண்டு நர்சரிப் பிள்ளைப் பைகளை வெட்டி, நடுவில் அகலமான பட்டை வைத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வார் போட்டுத் தைத்தார். மஞ்சளா கறுப்பா என்று கேட்டு, மஞ்சள எடு தங்கச்சி, தூரத்துலயே தெரியும் என்றார். மருதாயி கறுப்பையே எடுத்தாள். தோட்டத்தில் எதை வாங்கினாலும் முதலில் பார்ப்பது அழுக்குத் தெரியுமா என்பதைத்தான். சேற்றில் படுக்கிற நாய்க்கு யாராவது மஞ்சள் வாங்குவார்களா?

முதல் நாள் பையைப் பின்பக்கம் தள்ளிக் கட்டினாள். தன் சாக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிறதே, நாய்க்கும் அப்படித்தான் என்று நினைப்பு. ரோசி நாலடி நடந்து உட்கார்ந்துகொண்டது. மகள் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது, தோளுக்கு ஏற்றினாள். ஒரு வாரம் வெறும் பை. அடுத்த வாரம் வெறும் டப்பா. பிறகு ஒரு பக்கம் ஊசி வைத்த சோற்று டப்பா, சுற்றி ஈரத்துணி, மறுபக்கம் அதே பாரத்துக்குத் தண்ணீர்ப் போத்தல். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டவில்லை. தேத்தண்ணி நேரத்தில் கழற்றி, கக்கத்தில் தோல் உரசிச் சிவந்திருக்கிறதா, அட்டை புகுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். நிரோஷாவுக்கு எழுதுகிற பேனாவைக் கொடுத்து, தொடையில் எப்படி அழுத்துவது என்று பத்துத் தடவை பழக்கினாள்.

ஒரு மாதம் அவள் நிம்மதியாக இருந்தாள். பிறகு ஒரு நாள் மலையில் பலமாக இடி இடித்தது. ரோசி எழுந்து ஒரே ஓட்டமாக லயத்துக்கு ஓடிவிட்டது. கட்டிலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது, முதுகில் ஊசியோடு. மலையிலிருந்து லயத்துக்கு இருபது நிமிஷ நடை.

இடிக்கு ஓடுகிற நாய் குளவிக்கு நிற்குமா? இது ஏன் முன்னமே புத்தியில் படவில்லை? மருதாயி அதைக் கயிற்றில் தன் இடுப்போடு கட்டிப் பார்த்தாள். செடிக்குச் செடி கயிறு சிக்கியது. அதைவிட, குளவி வந்தால் கட்டிய நாய் தப்ப வழியில்லாமல் சாகும். அதை நினைத்ததும் அவளே கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரப் பழக்கினாள், மனமிருந்தால் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிழல் மரத்தையும் அண்ணாந்து பார்த்தபடிதான் பறித்தாள். காய்ந்த பட்டை தொங்கினால் கூடாகத் தெரிந்தது. வண்டு ரீங்கரித்தால் கொழுந்தை விட்டுவிட்டுக் குனிந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நிரோஷா கேலி செய்தாள். ஆனால் அவளும் மேலே பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

அந்தத் தோட்டத்தில் புது நிரையில் முதல் கொழுந்தைக் கிள்ளிப் போடும்போது பெண்கள் சேர்ந்து 'பொலி, பொலி' என்று குரல் கொடுப்பார்கள். கொழுந்து பெருகட்டும் என்று. மருதாயி அந்த நேரத்தில் மடியிலிருந்து ஒரு துண்டு ரொட்டி பிய்த்து ரோசிக்குப் போடுவாள். மண்ணுக்கு ஒரு வார்த்தை, நாய்க்கு ஒரு வாய். அது அவளுக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

போன மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். ஏழாம் நம்பர் மலையில் ஒரு பருந்து, மரத்திலிருந்த குளவிக் கூட்டைக் குத்திவிட்டுப் பறந்தது. கீழ் நிரையில் கிராமத்திலிருந்து வந்து பறிக்கும் சிங்களப் பெண்ணொருத்தி குளவியைப் பார்த்து, தன் மொழியில் 'தெபரு' என்று கத்தியது கேட்டது. பிறகு அந்தச் சத்தம். மழை தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. சாக்குகள் பறந்தன. ஓடினவர்கள் ஓட, மற்றவர்கள் படங்கைத் தலை வரை இழுத்துச் செடிக்குக் கீழே குப்புற விழுந்தார்கள். மருதாயி விழும்போதே பிடரியில் ஒன்று கொட்டிவிட்டது. ஒன்றே ஒன்று. ரோசி கானைத் தாண்டிப் பாய்ந்து செடிக்குள் மறைவதைப் படங்கின் ஓரத்தால் பார்த்தாள்.

நிரோஷா ஊர்ந்து வந்து தன் படங்கையும் அவள்மேல் போட்டாள். மருதாயியின் உதடு தடித்துவிட்டது. காது அடைத்தது. அதே விசில் சத்தம் நெஞ்சுக்குள் தொடங்கியது. சாகப் பயமாக இருந்தது. இந்தச் சத்தத்தை மறுபடி முதலிலிருந்து கேட்பது அதைவிடப் பயமாக இருந்தது. நிரோஷா 'ரோசி, ரோசி' என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அந்தக் குரலில் இருந்த பதற்றத்துக்கு எந்த நாயும் இன்னும் தூரம்தான் ஓடும். மருதாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பொலி," என்றாள்.

நிரோஷாவுக்குப் புரியவில்லை. சாகும் நேரத்தில் புத்தி மாறிவிட்டது என்று நினைத்து அழத் தொடங்கினாள்.

"பொலி சொல்லு. ரொட்டிக்கு... வரும்."

நிரோஷா கூப்பிட்டாள். குரல் நடுங்கினாலும் தினமும் இழுக்கிற அதே இழுப்பில் கூப்பிட்டாள். அடுத்த செடிக்குக் கீழே குப்புறக் கிடந்தவளுக்கு எதற்கென்று தெரியாது, ஆனாலும் அவளும் சேர்ந்து கூப்பிட்டாள். அதற்கடுத்தவளும். குளவி மேலே சுற்றச் சுற்ற, முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு, கொட்டு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் மலை முழுக்கப் பொலி பொலி என்றார்கள். கங்காணி ராமச்சந்திரன் தன் வாழ்நாளில் அப்படியொரு பொலியைக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார், கையெல்லாம் மயிர் கூச்செறிந்ததாம்.

ரோசி வந்தது. வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்து, செடிகளுக்குக் கீழால் வந்தது. அதன் கறுப்புப் பைமேல் குளவி மொய்த்திருந்தது. நிரோஷா படங்குக்குள் அதை இழுத்து, டப்பாவைப் பிடுங்கி, பேனாவில் பழகியதுபோலவே சேலைக்கு மேலாகத் தொடையில் அழுத்தினாள். நாலைந்து நிமிஷத்தில் விசில் சத்தம் குறைந்தது. லொறி வந்தபோது மருதாயி கண் திறந்து பார்த்தாள்.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். ரோசிக்கு முகம் பானைபோல் வீங்கியிருந்தது, ஒரு காது மடங்கியபடியே நின்றுவிட்டது. பிழைத்துக்கொண்டது. பையைக் கழுவ எடுத்தபோது தையலுக்குள் நசுங்கிய குளவிகள் பதினொன்று இருந்தன. கறுப்பைக் கண்டால் குளவி விடாது என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஊரிலேயே குளவிக்கு அதிகம் பயப்படுகிறவள் அவள். அழுக்குத் தெரியாதென்று அதை வாங்கி நாயின் முதுகில் கட்டியவளும் அவள்தான். முற்றத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஸம்சுதீன் நானா மஞ்சளில் வேறொன்று தைத்துக் கொடுத்தார். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடிக்கும்.

கலைச்செல்வி புது ஊசி அனுப்பினாள். எல்லாம் தயார். ஆனால் மலையில் பொலிக் குரல் எழுந்தால் லயத்திலிருக்கும் ரோசி கட்டிலுக்குக் கீழே போய் நடுங்கியது, ரொட்டியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கேள்விப்பட்டு ஏழாம் நம்பர் மலைப் பெண்கள் பொலி சொல்வதை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் மறந்துபோச்சு என்பார்கள். இனி ஒருநாள் குளவி கலைந்தால் எந்த வார்த்தையைச் சொல்லி அதைக் கூப்பிடுவது? மருதாயிக்கு வேறு வார்த்தை தெரியாது.

வேலைக்குத் திரும்பும் நாள் காலை, பேர் பதியும் பிரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மருதாயி மஞ்சள் பையோடு கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். காலைப் பிடித்து இழுத்திருக்கலாம், இழுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு தடவை, பொலி என்றாள்.

வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு மடங்கிய காது வெளியே வந்தது, அப்புறம் மூக்கு. உடம்பெல்லாம் உதற, தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் முன்னால் நின்றது. அவள் பையைத் தோளில் வைத்து வாரைப் பூட்டினாள். இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"எனக்கும்தான்டி பயமா இருக்கு," என்றாள். "வா, போவோம்."