ஹார்ட் டிஸ்க்குக்குப் புழுக்கம்

"…மேல தொட்டுப் பாத்தா என்ன சார் தெரியும்? உள்ள கையை விட்டுப் பாத்தீங்களா?"

கேட்டவர் பன்னீர். விவசாயி. நான் தொட்டுப் பார்த்தது, என் கம்ப்யூட்டரை.

போன சனிக்கிழமை காலை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு முன்னறை. பன்னீர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் மட்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொள்முதல் நிலையத்தில் அவருடைய குறுவை நெல் ஈரத்தோடு குவிந்து கிடக்கிறது. ரெண்டு நாள் மழைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வெயில். போய்த் தார்ப்பாயை விலக்கிக் கிளறிவிட வேண்டும். அப்புறம் குளித்து, பஸ் பிடித்து, திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் மகள் கயல்விழியிடம் ஒரு பென் டிரைவைக் கொடுக்க வேண்டும்.

கயலுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு படிக்கிறாள். திங்கட்கிழமை பரீட்சை. ஸ்கூலில் அவளுக்கு டீச்சராக இருந்தவள் என் மனைவி வசந்தா. ரிட்டயர் ஆகியும் மாணவியை விடவில்லை. கடைசி நேரத்தில் திருப்பிப் பார்க்க வசதியாக, ஒவ்வொரு பாடத்தையும் கால் மணி நேரத்துக்குச் சுருக்கி, வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். மொத்தம் நாற்பத்து மூன்று. அதில் நாற்பத்திரண்டு முடிந்து என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. கடைசி ஒன்று மட்டும் பாக்கி.

வேறு எங்கேயும் காப்பி இல்லையா என்று கேட்காதீர்கள். அதை வசந்தா அன்றைக்கே நாலு தடவை கேட்டுவிட்டாள்.

பென் டிரைவைச் செருகி காப்பி போட்டேன். முப்பத்தொன்றாவது பாடம் வரை சமர்த்தாகப் போனது. அங்கே நின்றது. உள்ளே இருந்து ஒரு சத்தம் - டக்… டக்… அப்புறம் ஸ்கிரீன் அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி அதே முப்பத்தொன்று. அதே டக்… டக்.

இன்டர்நெட்டில் அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பலாம். ஆனால் அனுப்புவதற்கும் முதலில் ஹார்ட் டிஸ்க் அதைக் கொடுக்க வேண்டுமே!

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். "சூடெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றேன், டாக்டர் மாதிரி. அப்போதுதான் பன்னீர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. எழுந்து வந்தார். "இதை எப்படித் தொறக்கிறது?" என்றார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு உள்ளே கையை விட்டார். கன்றுக்குட்டியைப் பிடித்து வெளியே எடுக்கப் போகிறாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"அய்யய்யோ… என்ன சார் இது, இப்படிப் புழுங்குது!" என்றார். "நெல்லும் இப்படித்தான். மேல தொட்டா ஜில்லுனு இருக்கும். உள்ள கையை விட்டாத்தான் வண்டவாளம் தெரியும். மூடி வெச்சா மழைக்குத் தப்பிச்சுரும், சூட்டுக்குத் தப்பாது."

இந்த மாதிரி யாராவது ஒன்று சொன்னால், அந்த நிமிஷத்தின் அவசரத்தையும் மறந்து நான் அதை மனசுக்குள் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன். வசந்தா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, ரசிச்சது போதும். உள்ள என்னத்தைத் திணிச்சு வெச்சிருக்கீங்க?"

இனிமேல் மறைத்துப் பயனில்லை. சொல்லிவிடுகிறேன்.

போன செமஸ்டர் பதிவுகளை ஒருநாள் ஹெட்போனில் கேட்டேன். வசந்தாவின் குரலுக்குப் பின்னால் 'உஷ்ஷ்ஷ்' என்று ஒரு இரைச்சல். கம்ப்யூட்டர் ஃபேன்தான். ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் விடுமா? ராத்திரி தூக்கத்திலும் உஷ்ஷ்ஷ்! கம்ப்யூட்டர் வேலையை எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. திருப்புளியும் தைரியமும்தான் என் படிப்பு. களத்தில் இறங்கினேன்.

ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் இருந்த ஃபேனின் ஒயரைப் பிடுங்கினேன். உஷ் போச்சு. ஆனால் ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற அதிர்வு பெட்டித் தகட்டில் இறங்கி 'ம்ம்ம்' என்று கேட்டது. ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி, அதில் ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டேன். ம்ம்மும் போச்சு. மிச்சம் மீதிச் சத்தத்துக்கு மெத்தை ஸ்பாஞ்சை உள்ளே நாலு பக்கமும் ஒட்டினேன். எல்லாம் முடிந்து, பெட்டிக்கு ஒரு துணி உறையும் போட்டாகிவிட்டது. நம் வீடுகளில்தான் எது வாங்கினாலும் முதலில் அதற்குச் சட்டை போட்டுவிடுவோமே! டி.வி.க்கு, மிக்ஸிக்கு, வாஷிங் மெஷினுக்கு… கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

அப்புறம் ஊசி விழுந்தால் கேட்கும். எனக்கு ஒரே பெருமை.

ஹார்ட் டிஸ்க்கின் சூடு தகட்டில் இறங்கித்தான் ஆறும். அந்த வழியை ரப்பர் போட்டு அடைத்தேன். காற்றில் ஆறும். அந்த வழியை ஒயரைப் பிடுங்கி அடைத்தேன். இத்தனையும் அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஹாட்பாக்ஸ் செஞ்சு வெச்சிருக்கீங்க" என்றாள் வசந்தா. "உள்ள நாலு இட்லி வெச்சிருக்கலாம்."

பன்னீர் சிரிக்கவில்லை. ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மொபைல் அடித்தது. கொள்முதல் நிலையத்தில் இருந்து அவர் மனைவி. "வெயில் நல்லா வந்துருச்சு, நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "தார்ப்பாயை நீயே எடுத்துடு, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்பாஞ்சுக்குத் திரும்பினார்.

பிடுங்கிய ஃபேனை மறுபடி செருகலாம் என்றால், செருகும் இடமே ஸ்பாஞ்சுப் பசையில் அடைத்துக் கிடந்தது. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து திறந்த பெட்டிக்கு எதிரே வைத்தேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டு, சூட்டைக் காட்டும் சாஃப்ட்வேரைத் திறந்தேன். நாற்பத்தொன்பது டிகிரி. காப்பி ஓட ஆரம்பித்தது. ஒன்று… ரெண்டு… மூன்று…

"அப்ப அது ஓடட்டும். நான் கடைசிப் பாடத்தைப் படிச்சு மொபைல்ல பதிவு பண்ணிடறேன். பன்னீரை எவ்வளவு நேரம் உட்கார வெக்கிறது?" என்று வசந்தா தாள்களோடு வந்து உட்கார்ந்தாள்.

டேபிள் ஃபேன் மூன்றாம் நம்பரில் இரைகிறதே! பதிவு என்ன ஆவது? உள்ளறைக்குப் போகலாம் என்றால், அந்தப் பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் ஃபேனை ஒன்றுக்குக் குறைத்தேன்.

ஐம்பத்திரண்டு டிகிரி. ஐம்பத்து நாலு.

"சார், ஏன் காத்தைக் குறைச்சீங்க?"

"சத்தம் பன்னீர்… பாடத்துல விழுந்துடும். கயலுக்குக் கேக்க இடைஞ்சலா இருக்கும்."

இருபத்தாறாவது பாடம். ஐம்பத்தேழு. பன்னீர் என்னைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். வாசலில் அடிக்கிற வெயிலைப் பார்த்தார். அப்புறம் மொபைலை எடுத்து மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"பாப்பா, டீச்சர் பாடத்துல ஃபேன் சத்தம் கேட்டா உனக்கு இடைஞ்சலா?"

"எது, போன செமஸ்டர்ல வந்த சத்தமாப்பா? அது வேணும்ப்பா!"

"வேணுமா?" என்றேன் நான்.

"சாரா? ஆமா சார். டீச்சர் நடுவுல மூச்சு வாங்க நிறுத்துவாங்கல்ல, அப்ப அந்த உஷ்ஷ் கேட்டுக்கிட்டே இருக்கும். பாடம் இன்னும் ஓடுதுன்னு தெரியும். இந்தத் தடவை சாம்பிளுக்கு ரெண்டு பாடம் அனுப்பினீங்க பாருங்க… டீச்சர் நிறுத்தினா ஒரே அமைதி. பேட்டரி போயிருச்சு போலன்னு பட்டனை அமுக்கிடுவேன். பாடம் முதல்ல இருந்து வரும். அப்புறம் தேடித் தேடி…"

"ஏன்மா அப்பவே சொல்லலை?" என்றாள் வசந்தா.

"சார் ரொம்பக் கஷ்டப்பட்டுச் சத்தத்தை எடுத்தார்னு சொன்னீங்களே டீச்சர். அப்புறம் எப்படிச் சொல்றது?"

மூன்று மாசம் ஸ்பாஞ்சு வெட்டினேன், டியூப் வெட்டினேன். கேட்கப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்டேனா? இது நான் மட்டும் செய்கிற தப்பு இல்லை என்று நினைத்துக் கொஞ்சம் தேற்றிக்கொண்டேன். நம் வீட்டில் விருந்தாளிக்கு மூன்றாவது தோசை எப்படி விழுகிறது? இதே மாதிரிதானே!

இருபத்தொன்பதாவது பாடம். ஐம்பத்தொன்பது டிகிரி. அடுத்து முப்பது, அதற்கு அடுத்து அந்த முப்பத்தொன்று. பன்னீரின் மொபைலில் இன்னொரு அழைப்பு வந்து ஒளிர்ந்தது. கொள்முதல் நிலையம்தான்.

பன்னீர் அதை எடுக்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. ஒன்றில் முனகிக்கொண்டிருந்த ஃபேனை மூன்றில் வைத்தார். வசந்தா மொபைலில் பதிவைத் தட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்; பாடத்தாள்கள் படபடவென்று எழும்பின. பன்னீர் ஓடிவந்து, நாற்பத்திரண்டும் பென் டிரைவில் ஏறி, டீச்சர் கடைசி வரியைப் படித்து முடிக்கும்வரை, அந்தத் தாள்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.