ஏழாம் படுக்கையின் நத்தை

பஞ்சக்காவின் விரல்கள் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தன. ஒரு சின்னக் கட்டி தங்கினாலும் படுத்துக் கிடப்பவரின் முதுகெலும்பு அதைக் கண்டுபிடித்துவிடும். பதினோரு வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்த கை அது. எந்த எலும்பு எங்கே உறுத்தும் என்று அதற்குத் தெரியும். அந்த வேலையை விட்டு, வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு, படுக்கைப்புண் வராமலிருக்கச் சின்ன மெத்தைகள் தைக்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொன்றின் மூலையிலும் தடித்த நூலில் ஒரு நத்தை. நூலை அறுக்காமல் நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே வந்தால் நத்தை வந்துவிடும்.

அந்த நத்தையை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய அவள் விண்ணப்பித்ததும், பெரிய கடை ஒன்று அது தங்களுடையது என்று எதிர்ப்பு மனு போட்டது. நான்கு வருடத்து பில்களையும் காட்டியது. பஞ்சக்காவின் பழைய சீட்டுகளில் ‘மெத்தை ஒன்று’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அதற்கு முன்பே நத்தை தைத்தாள் என்ற ஆதாரத்தை நாளைப் பகல் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நத்தை கைவிட்டுப் போகும். அப்புறம் அவள் தைத்தால் அவள்தான் திருடி.

“முதல் மெத்தையை யாருக்குக்கா வித்தீங்க? நல்லா யோசிங்க,” என்றாள் அவளுக்காக மனுவைப் பார்க்கிற வக்கீல் பெண், போனில்.

பஞ்சு பிய்த்த கை நின்றது. முதல் மெத்தை அந்த இல்லத்துக்குத்தான் போனது. அங்கே எந்தத் துணி வந்தாலும், சலவையில் மாறிப்போகாமலிருக்க அழியாத மையில் படுக்கை எண்ணும் வந்த தேதியும் எழுதுவார்கள்.

மதியமே பஸ் ஏறினாள். மெத்தை பத்திரமாகத்தான் இருந்தது, ஏழாம் படுக்கையில், ஒரு பழைய பஸ் கண்டக்டரின் இடுப்புக்குக் கீழே. அவருக்குக் கண்பார்வை போய் மூன்று வருடம். தலைமை நர்ஸும் அவளும் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, பழுப்பேறியிருந்தாலும் படிக்க முடிந்தது. மை நத்தையின் நூல்மேலேயே ஏறியிருந்தது. எழுதிய அன்றைக்கே நத்தை அங்கே இருந்திருக்கிறது.

படம் மட்டும் போதாது, பொருளே வேண்டும் என்று வக்கீல் பெண் சொல்லியிருந்தாள். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னார்கள்.

“இது ரிசர்வ் சீட்டும்மா. இறங்க மாட்டேன்.”

புது மெத்தை தருவதாக நர்ஸ் ஆசை காட்டினாள். அவர் மசியவில்லை. பஞ்சக்கா கெஞ்சவில்லை. “சீட்டு உங்களுதேதான், உறையை மட்டும் மாத்திக்கிறேன்,” என்று கத்தரிக்கோல் கேட்டாள். பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சைக் கலையாமல் எடுத்து, கொண்டுவந்திருந்த புது உறைக்குள் இறக்கி மூடினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“படுத்துப் பாருங்கண்ணே.”

உடம்பு குறை சொல்லவில்லை. கை மட்டும் மூலைக்குப் போய்த் துழாவியது.

“நத்தை எங்கம்மா?”

மெத்தையைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போகிற பணிப்பெண்களை அவர் அந்த நத்தையைத் தொட்டுப் பார்த்துத்தான் திட்டுவாராம். தடித்த நூல் வீட்டில் இருந்தது. நாளைக்கு வந்து தைத்துத் தருவதாகச் சொன்னாள் பஞ்சக்கா.

“நாளைக்கு வர்றேன்னு சொல்லி இறங்கினவங்க ரொம்பப் பேரு.”

“நான் என்னைக்காவது டிக்கெட் இல்லாம ஏறியிருக்கேனா, சொல்லுங்க.”

அவர் மூலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வக்கீல் பெண்ணின் அறையில் இருக்க வேண்டியவள், ஏழு மணிக்கு ஏழாம் படுக்கைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி சுற்றச் சுற்ற, கண்டக்டரின் விரல் நூலுக்குப் பின்னாலேயே போனது. பைக்குள் போன் இரண்டு முறை அடித்தது. கடைசிச் சுற்று முடியும்வரை அவள் எடுக்கவில்லை. நர்ஸ் மைப்பேனாவைத் திறந்தாள்.

“நூல் மேலயே எழுதுங்க சிஸ்டர்,” என்றாள் பஞ்சக்கா.

பழைய உறை பதினொன்றரைக்கு ஆதாரமாகப் பதிவாகி, ரசீது வந்தது. அதை நாலாக மடித்து ஊசி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.