தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டு

விசைப்படகுகளுக்கு டீசல் இறக்குகிற வேலை எனக்கு. ராயபுரம் பக்கம் துறைமுகத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் யாரும் டீசலைக் கண்ணால் பார்த்து நம்ப மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் டாங்கியில் விடுவோம். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கை சீக்கிரம் உலர்ந்து வறவறவென்று ஆகிவிடும். அந்த டீசலோடு போன படகு நடுக்கடலில் நின்றால் அதில் இருப்பவர்கள் கதி என்ன? அதனால் ஒன்றில் இன்னொன்றைக் கலப்பது என்றாலே எங்களுக்கு ஏமாற்று வேலைதான்.

அந்தக் கண்ணோடுதான் என் மனைவி அடுப்படியில் செய்வதையும் பார்த்தேன்.

அவள் பல வருடம் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையக் கூட முடியாமல் போனதால்தான் அதை விட்டாள். பிறகு திருவொற்றியூரில் பெண்களுக்கு நடந்த ஒரு வகுப்புக்குப் போய், வாசனை எண்ணெய்களை வைத்து முகத்துக்குப் பூசும் எண்ணெய் செய்யக் கற்றுக்கொண்டு வந்தாள். எர்ணாவூரில் எங்கள் குடியிருப்பில் இருக்கிற பெண்களே வாங்கினார்கள். இது ஓடாவிட்டால் மறுபடியும் இறால்தான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பழுப்பு நிறக் குட்டிக் குப்பிகளில் லாவெண்டர், எலுமிச்சைப்புல் என்று வாங்கி வைத்திருந்தாள். அதைத்தான் விற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பார்த்தால், விற்கிற சீசாவில் கழுத்து வரை தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். குட்டிக் குப்பியிலிருந்து நாலே நாலு சொட்டு விட்டாள். மூடிக் குலுக்கி, "எலுமிச்சைப்புல் முக எண்ணெய்" என்று சீட்டு ஒட்டினாள்.

இது கலப்படம் இல்லாமல் வேறென்ன? கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது குப்பியைத் திறந்து முகர்ந்தேன். ஆஸ்பத்திரியில் தரை துடைப்பார்களே, அந்த வாசனை. குப்பி மேல் ஓர் எழுத்துக்கூடத் தமிழில் இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆங்கிலத்தை என்னவென்று படிப்பேன்? சந்தேகம் இரண்டானது. இவள் ஊரை ஏமாற்றுகிறாளா, இல்லை இவளை எவனாவது ஏமாற்றியிருக்கிறானா?

நான் பார்த்ததை மூன்றாம் மாடியில் கருவாடு விற்கிற அம்மாவும் ஒரு காலையில் பார்த்துவிட்டாள். மகளுக்குப் பருவுக்காக எங்களிடம் எண்ணெய் வாங்கியவள். எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவ்வளவுதான், தாழ்வாரமே கூடிவிட்டது.

"இன்னாமே, தேங்கா எண்ணெய ஊத்தி, மேல நாலு சொட்டு வுட்டு, எங்க தலைல கட்டிகினு கீறியா?"

"அப்டியே பூசக் கூடாதுக்கா, தோலு வெந்துடும். கிளாஸ்ல டீச்சர் சொல்லிச்சு" என்றாள் என் மனைவி.

"சொல்லும், சொல்லும். புகை வுடற கம்பெனிக்காரன் கூடத்தான் அதுல வெசம் ஒண்ணியும் இல்லன்றான். நீ கலக்காத சரக்கக் குடு, என் பொண்ணுக்கு நானே பூசிக்கிறேன்."

"அத மட்டும் குடுக்க மாட்டேன்."

"பாத்தீங்களா? நல்ல சரக்க உள்ள வச்சிகினு நம்மகிட்ட டபாய்க்கிறா!"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த என்னை அப்போது அந்த அம்மா பார்த்துவிட்டாள்.

"நைனா, வெளிய வா. கைல தேச்சே கலப்படத்தச் சொல்ற ஆளு நீ. பொண்டாட்டின்னு பாக்காம சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். கலப்படம் இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லை. பேச்சு வராதவன் கையைத்தான் நீட்டுவான். குட்டிக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் கவிழ்க்கப் போனேன்.

"அங்க இல்ல! அது டீசல் குடிச்ச தோலு, ஆசிட் ஊத்துனாலும் எரியாது. முழங்கை மடக்குல வுடு" என்றாள் கருவாட்டுக்கார அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

"வேணாய்யா" என்றாள் என் மனைவி. அவள் கையை நீட்டுவதற்குள் ஊற்றித் தேய்த்துவிட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா, ஒண்ணியும் ஆவல" என்று அந்த அம்மா சொல்லும்போதே மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி எரிய ஆரம்பித்தது. பிறகு சிவந்தது. ஒருத்தி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். "தண்ணி வேணாம், எண்ணெதான்" என்று என் மனைவி தேங்காய் எண்ணெயை அள்ளித் தடவித் துணியால் துடைத்தாள், மறுபடி தடவினாள். கருவாட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்ற தன் மகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஆனாலும் விடவில்லை. "கெட்ட சரக்கா இருந்தாலும் எரியும் இல்ல?" என்றாள்.

எரிகிற கையோடு நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "சரிக்கா. இனிமே உன் வூட்டு எண்ணெய நீயே எத்துகினு வா. உன் கண்ணு முன்னாடி சொட்டு வுடறேன். மொதல்ல கை மடக்குல பூசிட்டு ஒரு நாள் பாரு. ஒண்ணியும் ஆவலன்னா மூஞ்சில பூசு. அரிச்சா என்கிட்ட வராத, தூக்கிப் போட்டுடு" என்றாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. இறால் கம்பெனி வண்டி கீழே வந்து ஹாரன் அடித்தபோது அவள் சன்னல் பக்கம் போகாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் முழங்கை மடக்கில் தோல் உரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக்கார அம்மாவே சீசாவோடு வந்தாள். கூடவே இன்னும் சிலர். என் மனைவி தாழ்வாரத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் சொட்டு விட விட அவர்கள் வாய்விட்டு எண்ணினார்கள்.

"ஏய், இது அஞ்சு!"

"கை தவறிப்போச்சுக்கா. இன்னும் கொஞ்சம் எண்ணெ ஊத்து, சரியாப் பூடும்."

"உஷாரா இருமே. என் பொண்ணு மூஞ்சி அது."

வழக்கம்போல நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"இன்னாய்யா அங்கியே நின்னுகினு பாக்கற? உனக்கும்தான் டவுட்டு. வந்து குந்தி எண்ணு."

நான் போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அடுத்த சீசாவுக்கு எண்ணினேன். நாலுதான்.