பி சைடுக்காரர்கள்

அந்தக் கேசட்டை வாங்கியது என் அம்மாவுக்காக. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் கேட்க அம்மன் பாட்டு வேண்டும் என்றாள். எண்பதுகளில் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் புதுக் கேசட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழைய கேசட்டில் பதிந்து கொடுத்துவிட்டார், படுபாவி. அதிலும் சோம்பேறித்தனம். ஏ சைடில் மட்டும் அம்மனை ஏற்றிவிட்டு, பி சைடில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

அம்மா கேசட்டைத் திருப்பிப் போட்டாள். டமார் என்று டிரம்ஸ். கிட்டார் ஒன்று கதறியது. பிறகு ஓர் ஆள் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தான். அம்மா சூடத்தட்டோடு இரண்டடி பின்னால் போனாள்.

"ஏட்டி, அதை அமத்து! வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன எழவு இது!"

நான் அமத்தவில்லை. ஏனென்றால் பாட்டின் உச்சத்தில் அவன் என்னைக் கூப்பிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், "ஏட்டி, வாரியா?" என்று கூப்பிட்டான். எங்கள் பக்கம் பெண்ணை ஏட்டி என்போம், ஆணை ஏலே என்போம். பாட்டு இங்கிலீஷ் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நூல் மில் ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் டைப் அடிக்கிறவள் நான். ஆனால் டைப் அடிக்கிற இங்கிலீஷ் வேறு, தொண்டையிலிருந்து வருகிற இங்கிலீஷ் வேறு. மற்ற இடங்களில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் எங்கள் தெருப் பேச்சு. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தன் என்னை ஏட்டி என்கிறான்! எனக்குப் புல்லரித்துப் போனது.

அவர்கள் யார், எந்த ஊர், குழுவுக்கு என்ன பெயர், ஒன்றும் தெரியாது. அட்டையில் 'அம்மன் பாடல்கள்' என்றுதான் எழுதியிருந்தது. நானே 'பி சைடுக்காரர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். மில்லிலிருந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல், பி சைடு. வீட்டில் எனக்குக் கிறுக்கு என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

கல்யாணப் பேச்சு வந்தது. நகை, சீர் எல்லாம் அம்மாவின் கவலை. என் கவலை ஒன்றே ஒன்று: போகிற வீட்டில் பி சைடு கேட்க விடுவார்களா? ஆலங்குளத்தில் நல்ல வேலையில் இருந்த ஒருவர் பார்க்க வந்தார். இங்கிலீஷ் பாட்டுக் கேட்பீர்களா என்று நானே கேட்டேன். "அந்தப் பேய்க் கூச்சலையா?" என்று சிரித்தார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது, "ஊர்ல பொண்ணுகளுக்கு மாப்பிள்ளை வேணும், இவளுக்கு டிரம்மு வேணும்" என்றாள்.

அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை. பால்கோவா வரும் என்று என் தம்பி வாசலிலேயே நின்றான். பூந்தியோடு வந்தார்கள். எனக்கு அதிலேயே மனசு விட்டுப்போயிற்று. மாப்பிள்ளை ரேடியோ, டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். என்னைப் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டை வைத்ததும் அவருடைய அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பாடத் தெரியுமாம்மா? ஒரு பாட்டுப் பாடேன்."

அம்மா கண்ணாலேயே அம்மன் பாட்டைக் காட்டினாள். எனக்கு வீம்பு. பிடித்தால் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் பூந்தியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். பி சைடின் முதல் பாட்டை எடுத்துவிட்டேன். புரியாத வார்த்தைகளைப் புரியாதபடியே பாடி, உச்சத்தில் "ஏட்டி, வாரியா?" என்று இழுத்து நிறுத்தினேன். 

"வேதக்கோயில் பாட்டா?" என்று அவருடைய அம்மா மெல்லக் கேட்டார்.

"ஆமா மதினி, கான்வென்ட்ல படிச்சவள்ல. அங்க சர்ச்சுல சொல்லிக்குடுத்தது" என்று என் அம்மா கூசாமல் புளுகினாள்.

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது ஏட்டி வாரியா இல்ல. 'ஏலே, வாரேன்'னுல்ல பாடுதான்."

இவருக்கும் இந்தப் பாட்டுத் தெரியுமா! அடுத்த நொடி கோபம் வந்தது.

"ஏலேயா? அவன் எதுக்கு ஆம்பளையக் கூப்பிடுதான்? ஏட்டிதான்!"

"யாரோ விட்டுட்டுப் போன பேரில்லாத கேசட்டு ஒண்ணு எங்கடையில கெடக்கு. எந்த டேப்பு ரிப்பேருக்கு வந்தாலும் அதுல இந்தப் பாட்டப் போட்டுத்தான் பாப்பேன். இது பிசிறில்லாம வந்தா எல்லாம் வரும். எம்புட்டு தடவ கேட்டிருப்பேன்! ஏலேதான்."

"போட்டுப் பாத்துருவமா?"

"போடுங்க."

போட்டோம். பெண் பார்க்க வந்த சனம் மொத்தமும் பூந்தியைத் தின்றபடி பி சைடு கேட்டது. தீர்ப்புக் கிடைக்கவில்லை. "இப்பமே சண்டை போடுதுக, சீக்கிரம் முடிச்சு வச்சிருவோம்" என்றார் அவருடைய அம்மா. தேதி குறித்துவிட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் என் கேசட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. மருமகள் அம்மன் பாட்டோடு வந்திருக்கிறாள் என்று மாமியாருக்குப் பெருமை. எங்கள் வழக்கு மட்டும் தீரவில்லை. கோபத்தில்கூட அவர் என்னை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் தோற்றதாகிவிடும் அல்லவா! நானும் "வாரேன்" என்று சொல்வதில்லை, "இந்தா வந்துட்டேன்" என்பேன்.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தது. ஒருநாள் சாயங்காலம் வெளிநாட்டுப் பாட்டுச் சேனலில் அந்த டிரம்ஸ் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எங்கள் பி சைடுக்காரர்கள்! நாலு பேர், தோள் வரை முடி. குழுவின் பெயர்கூடத் திரையின் ஓரத்தில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, வழக்கைச் சொல்லி, தீர்ப்புக் கேட்டோம். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, ஏட்டியும் இல்ல, ஏலேயும் இல்ல. அது ஏதோ ஒரு பொண்ணு பேரு. அவளத்தான் கூப்பிடுதான்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக எவளையோ கூப்பிட்டவனுக்கு நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். என்னை யாருமே கூப்பிடவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி எனக்கு அழுகையாக வந்தது. அன்றைக்கு நான் பாட்டுப் போடவில்லை.

மறுநாள் காலையில் வத்திராயிருப்பில் ஒரு மைக் செட் ரிப்பேருக்கு அவர் கிளம்பினார். மொபெட்டை மிதித்து ஸ்டார்ட் செய்தார். போகாமல் நின்றார். வாசலில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, தெருவே கேட்கும்படி, அதே ராகத்தில், தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏட்டி, வாரியா?"

கட்டிய புருஷனை ஏலே என்று கூப்பிட்டவள் எங்கள் தெருவில் கிடையாது. உள்ளே மாமியார் வேறு இருந்தார். குடத்தைக் கீழே வைத்தேன், சேலையை உதறிச் செருகினேன், அதே ராகத்தில் திருப்பிக் கொடுத்தேன்:

"ஏலே, வாரேன்!"