மாலைக்கு இடமுண்டு, கிதாருக்கு?

ப்ளூஸ் கிதார் கலைஞர் ஜோசப் அண்ணனுக்கு இந்தச் சனிக்கிழமை பத்து பகாட் நகரில் பாராட்டு விழா. ஏற்பாட்டாளர் இன்று காலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார்.

அண்ணன் வாசிப்பாரா என்று கேட்டேன்.

“வாசிக்கிறதா? நேரமே இல்லண்ணே. ஏழு பேரு பேசுறாங்க. அப்புறம் பொன்னாடை, மாலை, சாப்பாடு.”

எங்கள் ஊரில் ராக் கச்சேரிகள் நின்று வெகுகாலம் ஆகிறது. ஜோசப் அண்ணன் ஒரு கம்பியை வளைத்து, அந்தச் சுரம் போய்ச் சேரும்வரை அரங்கையே காத்திருக்க வைப்பார். அதை நான் இன்னொரு முறை கேட்க வேண்டும். எந்தப் பதிவும் இல்லை; அவர் மட்டும்தான் இருக்கிறார்.

மதியம் ஆயர் ஈத்தாம் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

“அலமாக்! கழுத்து நிறைய மாலை போட்டா கிதாரை எங்க மாட்டுறது? விடு லா தம்பி.”

தேநீர் பாதி குடித்தபின், என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ஒரே ஒரு பாட்டுக்கு… கேட்டுப் பாரேன்.”

வெளியே வந்ததும் ஏற்பாட்டாளரை மறுபடி அழைத்தேன்.

“பேசுறவங்க யாராச்சும் விட்டுக்கொடுத்தா பாக்கலாம்ண்ணே. வெள்ளிக்கிழமை சொல்றேன்.”

அந்த ஏழு பேரில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் போதும்.