அண்ணி அழுத்திய லேபிள் பட்டன்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ரீஸ்டார்ட் அக்கா’ என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். யார் எந்தக் கோளாறைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?” என்பதுதான். பாதிப் பேர் அந்தக் கேள்வியோடு திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்குத்தான் அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாள்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து விற்கிறது. பிரவுசரைத் திறந்து பார்க்கிற புதிய வகை அல்ல. கம்ப்யூட்டரில் நிறுவி, ஐகானைத் தட்டித் திறந்து ஓட்டுகிற பழைய வகை. புதிதாகச் சேருகிறவர்கள் “இன்னுமா இதெல்லாம் எழுதுறாங்க?” என்று கேட்பார்கள். எழுதத்தான் செய்கிறார்கள். இணையம் படுத்துவிட்டால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளிடம் “லைன் வரட்டும், அப்புறம் ஊசி போடறேன்” என்று சொல்ல முடியுமா?

இந்த வகை சாஃப்ட்வேருக்கு வருகிற வியாதிகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு கம்ப்யூட்டரில் தேதியில் நாள் முன்னால் வரும், பக்கத்துக் கம்ப்யூட்டரில் மாதம் முன்னால் வரும்; இரண்டும் சேர்ந்து கைக்குழந்தையை நடக்கிற வயதாக்கிவிடும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் திரையில் ‘சேமி’ பட்டன் கீழே விழுந்து காணாமல் போகும். கூடவே வரவேண்டிய ஒரு கோப்பு வராமல், திறந்த நொடியில் எல்லாம் மூடிக்கொள்ளும். எழுதியவரைக் கேட்டால், “என் மெஷின்ல ஓடுதே” என்பார். அந்த வாக்கியத்தை மட்டும் அவள் அறையில் யாரும் சொல்லக்கூடாது.

அதைப்போலவே அவள் நம்பாத இன்னொரு வாக்கியம், “நான் ஒண்ணுமே பண்ணல மேடம், அதுவா வந்துச்சு.” எதுவும் அதுவாக வராது என்பது அவள் கட்சி. யாரோ எதையோ அழுத்தியிருக்கிறார்கள். ஆகையால் ஆட்களின் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. தன் இடத்திலிருந்தே அவர்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அவர்கள் மவுஸைத் தானே நகர்த்தி, கோளாறைக் கண்டுபிடித்து, சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். வேலை சுத்தம். ஆனால் இத்தனை வருஷத்தில் ஊரிலுள்ள திரைகளையெல்லாம் பார்த்தவள், அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கையைக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் குறை அவளுக்குக் குறையாகவே தெரியவில்லை.

வீட்டில் அவள் பெருமை வேறு மாதிரி. கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித் தருகிறவர், சாது. அவருடைய சொந்தக்காரர்கள் அனைவருக்கும் அவள் ‘கம்ப்யூட்டர் ரிப்பேர்’. டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால்கூட அவளிடம்தான் வரும். பேட்டரியை மாற்றிக் கொடுத்து அனுப்புவாள். படிப்பு வீண் போகவில்லை என்று மெச்சிக்கொண்டு போவார்கள்.

இவர்களில் மெச்சாத ஒரே ஆள் கணவரின் அக்கா. அவளுக்கு அண்ணி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். அந்த அண்ணி வேலை பார்ப்பது ஒரு பரிசோதனைக் கூடத்தின் முன் மேசையில். அந்தக் கூடத்தில் ஓடுவதோ இவள் எழுதிய ப்ரோக்ராம். பிறகு கேட்பானேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் டீயோடு சேர்த்துக் குற்றப்பத்திரிகையும் வாசிக்கப்படும்.

“நீ பண்ணது இருக்கே, அதுக்கு அப்படியே உன் குணம். ஒரு தடவை கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. லேபிள் பட்டனை அழுத்தினா அப்படியே வெள்ளையா முழிச்சிக்கிட்டு நிக்குது.”

“நீங்க சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க அண்ணி.”

“ஆமாமா, எனக்கு விரலே இல்ல பாரு.”

கணவர் அந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். அவர் போகிற வேகத்தில் மழை நாளிலும் செடிக்குத் தண்ணீர் கிடைத்தது.

லேபிள் என்பது ரத்தக் குழாயில் ஒட்டுகிற சின்னக் காகிதம். பெயர், வயது, எண். ஆள் வந்து பெயர் சொன்னதும் முன் மேசையில் அடித்து எடுத்து, குழாயில் ஒட்டி, ரத்தம் எடுக்கிறவரிடம் நீட்ட வேண்டும். அவ்வளவுதான் அந்த வேலை. ஆனால் அந்தக் காகிதம் மாறினால் ஆளே மாறின மாதிரி.

ஒரு காலையில் அது மாறியது. கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணின் சர்க்கரை அளவு, அவளுக்கு முன்னால் வந்து போன கிழவரின் பெயரில் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, மருத்துவருக்குச் சந்தேகம் வந்து மறுபடி எடுக்கச் சொன்னதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடத்தின் மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டு, ப்ரோக்ராமில் தப்பில்லை என்று தெரிந்தால் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணியின் கணவர் முதுகெலும்பு வலியோடு வீட்டில் படுத்தவர். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது அண்ணியுடையது மட்டும்தான்.

இதை அண்ணி சொல்லவில்லை. அவள் கணவர்தான் எங்கேயோ கேட்டுவந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வரவும் இல்லை. அது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அவளையே நேரில் போகச் சொன்னார் கம்பெனி முதலாளி. “ஆளோட தப்புன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடும்மா. நம்ம மேல விழுந்தா மத்த லேப்காரங்களும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கழட்டி விட்டுடுவாங்க.” அந்த ஆள் யார் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதல்நாளே அவள் தன் இடத்திலிருந்து எல்லாவற்றையும் அலசிப் பார்த்திருந்தாள். ப்ரோக்ராமில் ஒரு பிசகும் இல்லை. பிசகு இருக்கக் காரணமும் இல்லை. போன மாதம்தான் அந்த லேபிள் பகுதியையே புதிதாக எழுதியிருந்தாள். பழைய ப்ரோக்ராம் திரையை வரைவது, பிரிண்டரோடு பேசுவது இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி வைத்திருந்தது. பிரிண்டர் பதில் சொல்லும்வரை திரையும் உறைந்து நிற்கும். இந்த மாதிரி ப்ரோக்ராம் எழுதுகிற எல்லோரும் செய்கிற தப்புதான். அதைப் பிரித்து, பிரிண்டர் வேலையைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். இப்போது வெண்ணெய் மாதிரி ஓடியது. ‘சிறு திருத்தங்கள், கூடுதல் வேகம்’ என்று மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சலும் போயிருந்தது. அவர் அதைப் படித்தாரோ இல்லையோ, முன் மேசை வரைக்கும் அது வரவில்லை.

காலையில் அவள் போனபோது கூடம் நிறைந்திருந்தது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி வெளிர்நீலக் கோட்டில் இருந்தார். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஒரு குத்தல் இல்லை, குறை இல்லை. அவள் ஒரு ஸ்டூலை இழுத்து அண்ணிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை.

ஓர் ஆள் வந்து பெயரைச் சொன்னார். அண்ணி இரண்டு விரலால் தட்டினார். பிறகு மவுஸை எடுத்து லேபிள் பட்டனை டக்கென்று அழுத்தினார். உடனே இன்னொரு டக்.

“ஏன் அண்ணி ரெண்டு தடவை?”

“ரெண்டு தடவை அழுத்தினாத்தானே வரும்,” என்றார் அண்ணி, கதவைத் தாழ் போட்டால்தான் பூட்டும் என்று சொல்கிற மாதிரி. “மொத தடவை அழுத்தினா அந்த மிஷினு முழிச்சிக்கும். ரெண்டாவதுதான் அடிக்கும்.”

“இப்ப ஒரு தடவையே போதும் அண்ணி. மாத்தியாச்சு.”

“யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. பிரிண்டரிலிருந்து ஒரு லேபிள் வந்தது. அண்ணி கிழித்துக் குழாயில் ஒட்டி நீட்டினார். அந்த ஆள் எழுந்து போய், அடுத்த அம்மாள் வந்து உட்கார்ந்து பெயரைச் சொல்ல ஆரம்பித்தபோது, பிரிண்டர் மறுபடி கிர்ரென்று ஒரு லேபிளைத் துப்பியது. முன்னவருடைய பெயர். அண்ணி அதைப் பார்க்காமலே கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

“இது ஒரு புது வியாதி. போன மாசத்துலேர்ந்து உபரியா ஒண்ணு வருது.”

அவளுக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. பழைய ப்ரோக்ராமில் பிரிண்டர் தூங்கிப்போகும். முதல் அழுத்தலை அது விழுங்கிவிடும். அதனால் முன் மேசைக்காரர்கள் எல்லோருக்கும் விரல் இரண்டு தடவைக்குப் பழகிப்போனது. திரை உறைந்து நின்றதும் ஒருவிதத்தில் காவல்தான். அது விடுகிறவரைக்கும் அடுத்த ஆளைக் கூப்பிட முடியாது. அவளுடைய புது ப்ரோக்ராம் பிரிண்டரைத் தூங்கவும் விடவில்லை, திரையை உறையவும் விடவில்லை. இப்போது இரண்டு அழுத்தலுக்கு இரண்டு லேபிள். இரண்டாவது பின்னாலிருந்து சாவகாசமாக வருகிறது, அடுத்த ஆள் வந்து உட்கார்ந்த பிறகு. கூட்டம் நெரித்த அந்தக் காலையில் கிழவரின் உபரி லேபிள் அந்தப் பெண்ணின் குழாயில் ஏறிவிட்டது.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்தச் சின்ன நடைக்குள் அவள் கணக்குப் போட்டாள். ப்ரோக்ராம் சொன்னபடி செய்திருக்கிறது. பட்டனை இரண்டு தடவை அழுத்தியது அண்ணி. பெயரைப் படிக்காமல் ஒட்டியதும் அண்ணி. இரண்டும் நிஜம், அதை எழுதிக் கொடுத்தால் அவள் பிழைப்புக்குப் பங்கமில்லை. நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்.

அறையில் இரண்டு நாற்காலி இருந்தும் அண்ணி உட்காரவில்லை. கதவோரமாக நின்றுகொண்டார். கோட்டின் விளிம்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. சண்டை போடுகிற அண்ணியைத்தான் அவளுக்குத் தெரியும். இப்படிப் பயந்து நிற்கிறவரைத் தெரியாது.

“சுத்தி வளைக்காம சொல்லுங்க மேடம்,” என்றார் மேனேஜர். “ப்ரோக்ராம் தப்பா, ஆள் தப்பா?”

“ப்ரோக்ராம் தப்பு சார்.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் மற்றதைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். “ரெண்டு தடவை அழுத்தினாத்தான் வரும்னு எங்க ப்ரோக்ராம்தான் இவங்களைப் பழக்கியிருக்கு. அதை நாங்க சொல்லாம மாத்திட்டோம். ரெண்டாவது அழுத்தலை ஏத்துக்காத மாதிரி இன்னைக்கே மாத்திக் குடுத்துடறேன். இவங்க மேல எதுவும் இல்ல.”

மேனேஜர் அதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். அண்ணியைப் பார்த்து, “போய் மேசையைப் பாருங்கம்மா,” என்றார். வேலை தப்பியது.

வெளியே வந்ததும் அண்ணிக்குக் குரல் திரும்பிவிட்டது. “நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அது சரியில்ல சரியில்லன்னு. நீ கேட்டியா?” என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அழுகைகூட முட்டிக்கொண்டு வந்தது. உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, சொன்ன திருத்தத்தைச் செய்து கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

முதலாளி போன் செய்தார். “கையெழுத்து வாங்கியாச்சா?”

“இல்ல சார். தப்பு நம்மளோடதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“சரி, வாங்க. பேசிக்கலாம்,” என்றார். எப்போதும் ‘வாம்மா’ என்கிறவர்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மேனேஜரிடம் சொன்னதை அவள் மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கோளாறு தேடும்போது வரிவரியாகப் போவாளே, அப்படி. தான் சொன்ன பொய் எது என்று கண்டுபிடித்துவிட்டால், அண்ணிக்காகச் செய்தோம் என்கிற பெருமையாவது மிஞ்சும். பிரிண்டர் தூங்கியது நிஜம். முதல் அழுத்தல் வீணானது நிஜம். அண்ணி அதை வாரம் தவறாமல் சொன்னது நிஜம். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு ஒருநாள்கூடப் போய்ப் பார்க்காமல், சரியாக அழுத்தவில்லை என்று சொன்னதும் நிஜம். பொய் ஒரு வரியில்கூட இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனை எடுத்து அண்ணியை அழைத்தாள். பின்னால் கூடத்தின் இரைச்சல் கேட்டது.

“அண்ணி, நீங்க சொன்னது சரிதான். மொத தடவை வேலை செய்யலன்னு சொன்னீங்கல்ல, அது செய்யலதான். நான் வந்து பாத்திருக்கணும்.”

அந்தப் பக்கம் பிரிண்டர் கிர்ரென்றது கேட்டது. அண்ணி லேபிளைக் கிழிக்கிற சத்தமும் கேட்டது.

“பேரைப் படிக்காம ஒட்டினது நான்தான்,” என்றார் அண்ணி. குரல் வெகுவாகத் தணிந்திருந்தது. “அது உனக்குத் தெரியும். மேனேஜர் முன்னாடி நீ அதைச் சொல்லவே இல்ல.”

அவள் பதில் சொல்வதற்குள் அண்ணி போனை வைத்துவிட்டார்.